பனிச்சரிவு அபாயத்தைக் கணிப்பது எப்படி: குமரி மாவட்டத்திலிருந்து இமயத்துக்குச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ மூன்று நாள் ஓடி, ஜம்முவைக் கடந்து கத்ராவில் போய் நிற்கிறது. கேதார்கண்டா, பிரம்மதால், சோப்தா, குல்மார்க் என்று குளிர்கால மலையேற்றத்துக்காக நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குழு சேர்ந்து வடக்கே போகிறவர்கள் மருத்துவாமலைப் படிகளில் ஏறி மூச்சைப் பழக்குகிறார்கள், கம்பளி வாங்குகிறார்கள், குளிர் எத்தனை பாகை இருக்கும் என்று விசாரிக்கிறார்கள். தாங்கள் நடக்கப்போகும் சரிவில் கிடக்கும் பனி அசையாமல் இருக்குமா என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எந்த வரிசையில், எந்தக் கருவிகளோடு கேட்பது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு நிலைப்பாட்டைத் தெளிவாக்கிவிடுகிறேன். பனியே பெய்யாத மண்ணில் வளர்ந்த ஒருவர், ஒரு வாரப் பயிற்சியில் பனியின் உள்ளடுக்குகளை நம்பகமாகப் படிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு சரிவின் சாய்வைப் பாகைக் கணக்கில் அளப்பதற்கு ஒரு நாள் பழக்கம் போதும். ஆகவே நம்மைப் போன்றவர்கள் நிலத்தை முதலிலும், வானிலையை அடுத்தும், பனியைக் கடைசியிலும் விசாரிக்க வேண்டும். பல பயிற்சி வகுப்புகள் அடுக்குகளைப் பார்க்கப் பனிக்குழி தோண்டுவதையே முன்னிறுத்துகின்றன. படம் எடுக்க அது நன்றாக இருக்கும். உயிரைக் காப்பதில் அதற்குள்ள பங்கு சிறியது.

பனிச்சரிவு சிகரம் ஏறுவோருக்கு மட்டும் உரிய ஆபத்து என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் நிலை மீது பனிச்சுவர் விழுந்தபோது பலியான 10 பேரில் பெரும்பாலோர் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் தமிழ்நாட்டு வீரர்களும் இருந்தார்கள். 2022 அக்டோபரில் உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனப் பயிற்சியாளர்கள் திரௌபதி கா தண்டா மலையில் சிக்கினார்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையோரத்தில் இறந்த 7 பேரும் சுற்றுலாப் பயணிகள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அப்பால் மானா அருகே முகாமிட்டிருந்த சாலைத் தொழிலாளர்கள் 8 பேர் இறந்தார்கள். நாதுலாவும் மானாவும் காட்டுவது என்னவென்றால், நீங்கள் நிற்கும் இடம் சமதரையாகவே இருந்தாலும் அதற்கு மேலுள்ள சரிவு உங்களைத் தேடி வரலாம் என்பதுதான்.

பாளம் எப்படி நழுவுகிறது

மலையேறிகளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை பாளச் சரிவுகள். ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பனி மேலே ஒரு பாளமாகக் கிடக்கிறது. அதன் அடியில் ஒட்டாத, நலிந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அதற்கும் அடியில் வழுக்கத்தக்க ஒரு தளம் இருக்கிறது. போதிய சாய்வுள்ள இடத்தில் இம்மூன்றும் அமைந்துவிட்டால், ஒரு மனிதனின் எடை நலிந்த அடுக்கை ஓரிடத்தில் நொறுக்கினாலே விரிசல் நொடிப்பொழுதில் பக்கவாட்டில் பரவி முழுப் பாளத்தையும் விடுவித்துவிடும். 50 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் அரை மீட்டர் தடிப்பும் கொண்ட பாளம் பார்வைக்குச் சிறியது. ஆனால் அது 1,000 கன மீட்டர் பனி. கன மீட்டருக்கு 250 கிலோ என்று கொண்டால் 250 டன். உலர்ந்த பாளம் நழுவினால் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் பிடிக்கும். ஓடித் தப்புவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

மலையேறிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் சிக்கும் உயிரிழப்பு விபத்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில், பனிச்சரிவைத் தூண்டியவர் இறந்தவராகவோ அவருடன் வந்தவராகவோ இருக்கிறார். சரிவு தானாக விழுந்ததில்லை என்பதால், அங்கே கால் வைப்பதா வேண்டாமா என்ற முடிவு அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. கணிப்பு என்ற முயற்சிக்குப் பொருள் இருப்பதும் அதனால்தான்.

நலிந்த அடுக்கு உருவாகும் விதத்தைச் சற்று நின்று புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. தரையோடு ஒட்டிய பனியின் வெப்பநிலை பெரும்பாலும் 0 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ தெளிந்த குளிர்கால இரவில் மைனஸ் 15 பாகைக்குப் போய்விடும். பனி 2 மீட்டர் தடிப்பாக இருந்தால் இந்த வேறுபாடு மெல்ல மெல்லப் பரவி நிற்கும். அதே வேறுபாடு 60 சென்டிமீட்டர் பனிக்குள் அடங்க நேர்ந்தால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 2.5 பாகை மாறுகிறது. 10 சென்டிமீட்டருக்கு 1 பாகைக்கு மேல் மாற்றம் இருந்தாலே நீராவி அடுக்குகளினூடே மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத, கோணங்கள் கொண்ட படிகங்களாக மாற்றத் தொடங்கும். டிசம்பரில் பெய்த மெல்லிய பனி பல நாள் வெயிலிலும் குளிர் இரவிலும் கிடந்து இப்படி உதிரியாகி, ஜனவரியில் அதன் மேல் கனத்த பனி பெய்தால், அடித்தளமே சரியில்லாத கட்டு எழும்பிவிடுகிறது. “இந்த வருடம் பனி குறைவு, அதனால் பயமில்லை” என்று அடிவார விடுதியில் யாராவது சொன்னால், பனி குறைவாக இருப்பதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நலிந்த அடுக்கு வேறொரு வழியிலும் உருவாகும். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பில் இறகு வடிவில் மின்னும் படிகங்கள் வளர்கின்றன. காலையில் பார்க்க அழகாக இருக்கும் அவை, அடுத்த பனிப்பொழிவில் நொறுங்காமல் புதைந்துவிட்டால் வாரக்கணக்கில் ஆபத்தாகவே கிடக்கும்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

பயணச்சீட்டு எடுத்தவுடன், நடக்கப்போகும் பாதையின் உயரக்கோட்டு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் தொடங்குகின்றன. 38 பாகையை ஒட்டிய சாய்வுகளே மிக மோசமானவை. 25 பாகைக்குக் கீழே அவை தொடங்குவது அரிது. 60 பாகைக்கு மேல் பனி தங்காமல் அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். 1:50,000 அளவிலான வரைபடத்தில் 40 மீட்டர் இடைவெளி உயரக்கோடுகள் 1.4 மில்லிமீட்டருக்கும் நெருக்கமாக வந்தால் சாய்வு 30 பாகையைத் தாண்டுகிறது, 0.8 மில்லிமீட்டரில் அது 45 பாகை. சாய்வுக்கேற்ப நிறம் தீட்டிக் காட்டும் இணைய வரைபடங்கள் இந்த வேலையை எளிதாக்குகின்றன. ஆயினும் இரண்டு உயரக்கோடுகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் 15 மீட்டர் செங்குத்துக் கரையை எந்த வரைபடமும் காட்டாது என்பதை மறக்கக் கூடாது.

பாதை 30 பாகையைத் தொடும் இடங்களைச் சிவப்பால் குறியுங்கள். பிறகு, பாதையே மென்சாய்வாக இருந்தாலும் அதற்கு மேலே செங்குத்தான சரிவு தொங்கும் இடங்களை வேறு நிறத்தில் குறியுங்கள். மூன்றாவதாக, சரிந்து வரும் பனி குவியக்கூடிய ஓடைப்பள்ளங்கள், குறுகிய பள்ளத்தாக்குகள், கீழே பாறை விளிம்புள்ள இடங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். முழங்கால் உயரப் பனியைக் கொண்டுவரும் சிறு பனிச்சரிவுகூட ஓடைப்பள்ளத்தில் ஆளைப் பல மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடும். ஒவ்வொரு சரிவும் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இமயத்தில் வடக்கு நோக்கிய சரிவுகளில் குளிர்கால வெயில் அதிகம் படாததால் நலிந்த அடுக்குகள் நீண்ட நாள் நீடிக்கும். தெற்கு நோக்கியவை வெயிலில் இளகி இரவில் உறைந்து, பிற்பகலிலும் வசந்த காலத்திலும் ஈரச் சரிவுகளாக விழும்.

சாய்வை அளக்கும் பழக்கத்தை நம் மாவட்டத்திலேயே வளர்த்துக்கொள்ளலாம். செல்பேசியின் கோணமானி போதும். மருத்துவாமலையிலோ வேளிமலை அடிவாரத்திலோ ஒரு சரிவைப் பார்த்து, முதலில் கண்ணளவில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். புதியவர்களின் கண்ணளவு ஐந்து, பத்து பாகை தவறுவது வழக்கம். பனியில் அந்தப் பத்து பாகையில்தான் எல்லாம் இருக்கிறது. கருவி இல்லாதபோது ஒரே நீளமுள்ள இரண்டு நடைக்கோல்கள் உதவும். ஒன்றைக் கிடைமட்டமாகப் பிடித்து அதன் நுனியை மேற்பக்கச் சரிவில் தொடவிட்டு, மறுமுனையிலிருந்து மற்றதைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். தொங்கும் கோலின் நுனி சரியாகத் தரையைத் தொட்டால் சாய்வு 45 பாகை. 120 சென்டிமீட்டர் கோலில் 69ஆவது சென்டிமீட்டரிலேயே தரை வந்துவிட்டால் 30 பாகை.

புதைந்தவரைத் தேடி எடுக்கும் கருவிகள் மூன்று. 457 கிலோஹெர்ட்சில் சமிக்ஞை அனுப்பியும் பெற்றும் இயங்கும் பீக்கன், குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளும் புரோப் என்ற மடக்குக் கோல், உலோகத் தட்டுள்ள ஷவல் ஆகியவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று என்பது இங்கே பொருந்தாது, ஏனெனில் புதைகிறவர் எவர் என்று முன்கூட்டியே தெரியாது. விலை அதிகம்தான். மலையேற்ற அமைப்பாளரிடம் வாடகைக்குக் கேளுங்கள். அவர்களிடமும் இல்லையென்றால் 30 பாகையைத் தொடாத, அத்தகைய சரிவுகளுக்கு அடியிலும் செல்லாத பாதையைத் தேர்ந்தெடுப்பதே முறை. பீக்கன் கிடைத்துவிட்டால் சொத்தவிளைக் கடற்கரையிலோ பள்ளி மைதானத்திலோ பயிற்சி செய்யலாம். ஒரு பீக்கனைப் பையில் இட்டு ஓலைமட்டைக் குவியலுக்குள் ஒருவர் ஒளித்துவைக்க, மற்றவர்கள் சத்தமும் பதற்றமும் நிறைந்த சூழலில் நேரம் வைத்துத் தேட வேண்டும். செல்பேசியைப் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் தள்ளி வைக்காவிட்டால் அம்புக்குறி தவறான திசையைக் காட்டும் என்பது அந்தப் பயிற்சியிலேயே தெரிந்துவிடும்.

தொடர்பு பற்றி இரு விஷயங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கட்டும். செயற்கைக்கோள் தொலைபேசியையும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளையும் உரிய அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். வெளிநாட்டு உறவினர் அன்போடு வாங்கித் தந்தது என்ற விளக்கம் விமான நிலையத்தில் எடுபடாது.

அறிக்கையை வாசிக்கும் முறை

பாதுகாப்புத் துறையின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மணாலியில் நெடுங்காலம் இயங்கிய பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020இல் இதனோடு இணைக்கப்பட்டது. அடுத்த 24 மணி நேரத்தில் இன்ன மாவட்டத்தில் இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் இன்ன நிலை அபாயம் என்ற வடிவில் எச்சரிக்கை வரும். மாவட்ட நிர்வாகங்களும் அதை மறுபடி அறிவிக்கும். அதில் மூன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்: இடம், உயரம், நிலை. உங்கள் முகாம் 2,800 மீட்டரிலும் எச்சரிக்கை 3,000 மீட்டருக்கு மேலும் என்றால் முகாம் தப்பியது என்று உடனே முடிவு கட்டாமல், முகாமுக்கு மேலுள்ள சரிவு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று வரைபடத்தில் பாருங்கள்.

உலகில் பரவலாகப் பயன்படும் அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு. முதல் நிலை குறைந்த அபாயம். இரண்டாம் நிலையில் மனிதர் தூண்டும் சரிவு நிகழக்கூடும். மூன்றாம் நிலையில் அது நிகழ வாய்ப்பு அதிகம். தானாக விழும் சரிவுகளும் சாத்தியம். நான்கிலும் ஐந்திலும் மலைச்சரிவுகளின் பக்கமே போகக் கூடாது. ஐந்தில் மூன்று என்பதால் அது பாதி அபாயம் என்று மனம் கணக்குப் போடும். நிலைக்கு நிலை அபாயம் பன்மடங்காகக் கூடுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உயிரிழப்புகளில் பெரும்பங்கு மூன்றாம் நிலை நாள்களிலேயே நிகழ்கிறது. நான்காம் நிலையில் மக்கள் வீட்டிலிருக்கிறார்கள், மூன்றில் துணிந்து போகிறார்கள். அனுபவமில்லாத குழுவுக்கு என் பரிந்துரை எளியது: மூன்று என்று வந்தால் 30 பாகையோ அதற்கு மேலோ கொண்ட எந்தச் சரிவின் மேலும் அடியிலும் அன்று நடக்க வேண்டாம்.

எச்சரிக்கை வந்தும் கரை அமைதியாகத் தோன்றுவதால் மக்கள் இறங்கிவிடுவது நமக்குத் தெரியாததன்று. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை இழுத்துச் சென்றபோது, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை ஏற்கெனவே விடுக்கப்பட்டிருந்தது.

காற்றும் பொழிவும் வெப்பமும்

இமயத்தின் மேற்குப் பகுதிக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை மேற்கத்தியத் தாழ்வழுத்த இடையூறுகள். ஓர் இடையூறு கடக்கும் நாள்களும் அது கடந்த அடுத்த ஓரிரு நாள்களுமே மிக அபாயமானவை. 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி பெய்திருந்தால் நிலைமை கவலைக்குரியது; மணிக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் வீதம் பெய்துகொண்டிருந்தால் அடியிலுள்ள அடுக்கு அந்தச் சுமைக்குப் பழகுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. வானம் தெளிந்த முதல் காலையில், நீல வானமும் புதுப்பனியும் சேர்ந்து அழைக்கும்போதுதான் பலர் புறப்படுகிறார்கள். இயன்றால் அந்த ஒரு நாளை முகாமிலேயே கழியுங்கள்.

பொழிவைவிடக் காற்று வேகமாகச் சுமையேற்றும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே நெருங்கிப் பாயும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மலையின் இடைவெளி காற்றை எப்படி விரைவுபடுத்துகிறது என்று விளக்கத் தேவையில்லை. இமயத்தின் முகடுகளிலும் கணவாய்களிலும் அவ்வாறே விரையும் காற்று, எதிர்ப்பட்ட சரிவிலிருந்து பனியைச் சுரண்டி எடுத்து, முகட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்து மறைவுப் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. வானத்திலிருந்து ஒரு துளியும் பெய்யாத நாளிலும் மறைவுப் பக்கத்தில் சில மணி நேரத்தில் ஒரு மீட்டர் பனி சேரலாம். அவ்வாறு சேர்ந்த பனி இறுகி, மழமழப்பாக, தட்டினால் கூடுபோல் ஒலிக்கும் பாளமாகிறது. முகட்டிலிருந்து வெளிநோக்கிப் பிதுங்கி நிற்கும் பனிவிளிம்பு எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கமே சுமையேறியது. அவ்விளிம்பின் மேல் நிற்கவும் கூடாது, அதன் கீழே நடக்கவும் கூடாது. நின்று படமெடுக்கத் தோதான பாறைத்தரை போல் தோன்றுவது பல நேரங்களில் வெறும் அந்தரம்.

வெப்பம் திடீரென ஏறுவதும் பனிமேல் மழை பெய்வதும் உடனடி அபாயங்கள். காலையில் காலணிக்கு இறுக்கமாக இருந்த மேற்பரப்பு, பத்து பதினொரு மணிக்குள் கணுக்கால்வரை புதையத் தொடங்கினால், சரிவிலிருந்து சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தால், அந்தத் திசைச் சரிவுகளைக் கடக்கும் நேரம் முடிந்துவிட்டது.

பாதையில் பார்க்கவும் கேட்கவும் வேண்டியவை

நிலைமையை உரக்கச் சொல்லும் அறிகுறிகள் சில உண்டு. எந்தச் சோதனையையும்விட அவை நம்பகமானவை. அக்கம்பக்கத்தில், நீங்கள் கடக்கப்போகும் அதே திசையிலும் உயரத்திலும் உள்ள சரிவில் ஓரிரு நாளுக்குள் விழுந்த பனிச்சரிவைக் கண்டால், மறு ஆய்வே தேவையில்லை. நடக்கும்போது பனிக்கு அடியிலிருந்து “தொம்” என்ற ஓசை எழுந்து, காலடியில் நிலம் இறங்கியது போன்ற உணர்வு வந்தால், நலிந்த அடுக்கு அந்தக் கணத்திலேயே நொறுங்கிவிட்டது. நீங்கள் தப்பியதற்குக் காரணம் அந்த இடம் போதிய செங்குத்தாக இல்லாததே. காலணியிலிருந்து பனியில் விரிசல் கோடாக ஓடினாலும் அதே பொருள்தான். இவற்றில் ஒன்று கிடைத்தாலே 30 பாகைச் சரிவுகளும் அவற்றின் அடிவாரமும் அன்றைய திட்டத்திலிருந்து நீங்கிவிடுகின்றன.

காடும் பேசும். தேவதாருக் காட்டின் நடுவே நேராக மேலிருந்து கீழே மரமில்லாத பட்டை ஓடினால், மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் ஒடிந்த மரங்கள் நின்றால், பூர்ஜ மரங்கள் ஒரே திசையில் கீழ்நோக்கி வளைந்து கிடந்தால், அது பனிச்சரிவு வழக்கமாக இறங்கும் பாதை. அங்கே கூடாரம் அடிக்கவும் மதிய உணவுக்கு உட்காரவும் கூடாது. நிற்கும் இடம் எட்டக்கூடிய எல்லைக்குள் இருக்கிறதா என்று அறிய, மேலே பனி தொடங்கும் இடத்தை நோக்கிக் கோணமானியைப் பிடியுங்கள். கோணம் 20 பாகைக்கு மேல் இருந்தால் எல்லைக்குள் இருப்பதாகவே கொள்ளுங்கள். மிகப் பெரிய பனிச்சரிவுகள் அதற்கும் அப்பால் எட்டுவதுண்டு.

குழி தோண்டிப் பார்த்தல்

இதுவரை சொன்னவற்றில் எதுவும் தடை சொல்லாதபோதுதான் குழியின் முறை வருகிறது. கடக்கப்போகும் சரிவின் திசையும் உயரமும் சாய்வும் ஏறத்தாழ ஒத்த, ஆனால் சரிந்தாலும் ஆளைக் கொண்டுபோகாத ஒரு சிறு கரையைத் தேர்ந்தெடுங்கள். மரத்தடியிலும், நடந்து மிதித்த இடத்திலும், காற்று குவித்த மேட்டிலும் தோண்டினால் கிடைக்கும் விடை பயன்படாது. வெயில் படாத பக்கச் சுவர் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நேராக வரும்படி ஷவலால் செதுக்க வேண்டும்.

முதலில் கையால் கடினத்தைச் சோதியுங்கள். மேலிருந்து கீழாக, மடக்கிய கைமுட்டி எளிதில் நுழையும் அடுக்கு மிக மென்மையானது. அடுத்து நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் கூடிக்கொண்டே போகும். மேலே ஒரு விரல் அளவு கடினமான பனியும் அதன் அடியில் முட்டி நுழையும் மென்மையும் இருந்தால், தேடிய அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வெப்பமானி இருந்தால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை அளந்து, முன்பு சொன்ன 1 பாகைக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

பின்னர் நீள்தூண் சோதனை. 2006இல் சிமென்ஹோய்ஸ், பர்க்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த இச்சோதனையில், சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர் அகலமும் மேல்நோக்கி 30 சென்டிமீட்டரும் கொண்ட தூணைச் சுற்றிலும் அறுத்துத் தனியாக்க வேண்டும். ஒரு ஓரத்தில் ஷவலின் தட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டுங்கள். விரிசல் தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது 90 சென்டிமீட்டரும் ஓடிவிட்டால், அந்தப் பனி விரிசலைப் பரப்பவல்லது; சரிவில் கால் வைக்கக் கூடாது. விரிசல் ஷவலின் அடியிலேயே நின்றுவிட்டால் அந்த இடத்தில் பரவவில்லை என்று மட்டும் பொருள். ஒரு மீட்டருக்கும் ஆழத்தில் புதைந்த அடுக்கைப் பற்றி இச்சோதனை பெரிதாக எதுவும் சொல்லாது.

சோதனைக்கு நான் வகுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: குழி “வேண்டாம்” என்று சொன்னால் கேட்கலாம்; “போகலாம்” என்று சொன்னால் நம்பக் கூடாது. பனி இடத்துக்கு இடம் மாறுவது. பத்தடி தள்ளித் தோண்டினால் வேறு விடை வரலாம். அறிக்கை மூன்று என்கிறது, காற்று இரவெல்லாம் அடித்திருக்கிறது, ஆனால் குழி நன்றாக இருக்கிறது என்றால், குழி தவறான இடத்தில் தோண்டப்பட்டது என்றே கொள்ளுங்கள்.

கடப்பதா, திரும்புவதா

இந்த முடிவைக் கெடுப்பது அறியாமையைவிடச் செலவழித்த பணமும் எடுத்த விடுப்பும்தான். மூன்று நாள் ரயிலில் வந்து, வாடகை கொடுத்து, சிகரத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது திரும்புவது எளிதன்று. குழுவில் இளையவர் ஒருவருக்கு ஐயம் தோன்றியும், மூத்தவரைப் பார்த்து “அண்ணா, வேண்டாம்” என்று சொல்ல வாய் வராமல் பின்னால் நடப்பதும் உண்டு. ஆகவே எவர் ஒருவர் மறுத்தாலும் குழு முழுவதும் காரணம் கேட்காமல் திரும்பும் என்ற ஏற்பாட்டை ரயிலிலேயே செய்துகொள்ளுங்கள். திரும்பும் நேரத்தையும் அப்போதே குறித்துவிட வேண்டும். வழிகாட்டியிடம், “இங்கே ஆபத்து உண்டா” என்று கேட்டால் “கவலைப்படாதீர்கள்” என்ற விடையே வரும். கடைசியாக எப்போது, எந்தப் பக்கச் சரிவில் பனி விழுந்தது, நேற்றிரவு காற்று எத்திசையில் வீசியது, இந்தச் சரிவு மூடினால் வேறு வழி எது என்று கேளுங்கள். அந்த மலையில் பிறந்தவர் துல்லியமாகவே பதில் சொல்வார்.

கடப்பது என்று முடிவானால் ஒருவர் பின் ஒருவராக, முன்னவர் பாதுகாப்பான மேட்டையோ அடர்ந்த மரக்கூட்டத்தையோ அடைந்த பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும். மற்றவர்கள் நடப்பவர் மீதிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பையின் இடுப்புப் பட்டையையும் நடைக்கோலின் கைவாரையும் கழற்றிவிடுங்கள். சரிவு வெளிநோக்கிப் புடைத்திருக்கும் இடத்தையும், பனியிலிருந்து பாறை எட்டிப்பார்க்கும் மெல்லிய இடத்தையும் தவிர்த்து நடப்பது நல்லது. அடுக்கு நொறுங்குவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

சரிந்துவிட்டால்

புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடத்தில் அது மூன்றில் ஒருவராகச் சுருங்கிவிடுகிறது. 112 எண்ணுக்கு அழைத்துவிட்டு மீட்புப் படைக்காகக் காத்திருக்க அந்தக் கணக்கில் இடமில்லை. ஆட்கள் போதுமானால் ஒருவர் அழைக்க, மற்றவர் அனைவரும் தேட வேண்டும். மேலே இன்னொரு பாளம் தொங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் கடைசியாகத் தென்பட்ட இடத்திலிருந்து கீழ்நோக்கித் தொடங்குங்கள். எல்லாப் பீக்கன்களையும் தேடும் நிலைக்கு மாற்றாவிட்டால் தேடுகிறவர்களின் சமிக்ஞையே குழப்பும். வெளியே தெரியும் கையுறை, பை, கோல் எதையும் கடந்துபோகாமல் இழுத்துப் பாருங்கள். பீக்கன் காட்டும் தூர எண் மிகக் குறைந்த இடத்தை அடைந்ததும், புரோப்பை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாகக் குத்திக்கொண்டு வந்து, ஆள் தட்டுப்பட்டதும் அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

தோண்டுவதை நேர் மேலிருந்து தொடங்காமல், புதைந்த ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரம் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, பனியைப் பின்னால் தள்ளிக்கொண்டே அவரை நோக்கிச் செல்லுங்கள். முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் அடைத்த பனியை அகற்றி, மார்பின் மேலுள்ள சுமையை நீக்கி, மூச்சில்லையென்றால் உடல் முழுவதும் வெளிவரும்வரை காத்திராமல் அங்கேயே செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தொடங்க வேண்டும். மீட்டவரைக் கிடைமட்டமாக, குலுக்காமல் தூக்கி, அடியில் விரிப்பிட்டு, ஈர உடையின் மேலேனும் உலர்ந்த போர்வையும் காற்றுத்தடுப்பும் சுற்றி வையுங்கள். கைகால்களைத் தேய்க்கவும், நடக்கவைக்கவும், மது கொடுக்கவும் கூடாது. நினைவு தெளிவாக இருந்து தானே விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்புச் சேர்த்த வெதுவெதுப்பான பானம் கொடுக்கலாம்.